கத்தரி போட்ட மூன்று கட்டுகள்

போன மாதம் கத்தரி இறந்தபோது ஆஸ்பத்திரியில் ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "எதிரிக்கும் கட்டுப் போட்ட புண்ணியவான்" என்று உருகினார். அந்த டாக்டர் பிறப்பதற்கு முன்னால் நடந்த விஷயம் அது. யாரோ இனிப்புத் தடவிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று அந்த அறையில் வாளிக்குப் பக்கத்தில் பேண்டேஜ் நனைத்துக்கொண்டிருந்தவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அவர் எங்கள் மாவுக்கட்டு அறைக்காரர். முறிந்த எலும்பை டாக்டர் நேர்படுத்தியதும் அதன் மேல் பஞ்சைச் சுற்றி, நனைத்த மாவு பேண்டேஜைச் சுற்றி, இறுகும்வரை பிடித்துக்கொண்டு நிற்பது அவர் வேலை. பாதி நாள் நேர்படுத்துவதும் அவர்தான். டாக்டர் கையெழுத்துப் போடுவார். குள்ளமான, கழுத்தே இல்லாத மனிதர். துறைமுகத்தில் பிறந்தவர், அப்பா கிரேன் ஓட்டியவர். வாலிபத்தில் இவரும் சைக்கிள் செயினைக் கையில் சுற்றிக்கொண்டு மேட்ச் நாளில் பாலத்துச் சண்டைக்குப் போனவர்தான். ஒருவனுடைய முன்பற்கள் நான்கைப் பெயர்த்ததாக என்னிடம் ஒருமுறை சொன்னார். பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. பஸ் நம்பர் சொல்வதைப் போலச் சொன்னார்.

ஊரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கீழே துறைமுகம், மேலே மேடு, நடுவே ரயில் பாதை, அதைக் கடக்க ஒரு நடைபாலம், பாலத்தடியில் கால்பந்து மைதானம். மூட்டை தூக்குகிறவர்கள், கப்பல் உடைக்கிறவர்கள், பெட்டி அடிக்கிறவர்கள் எல்லாரும் கீழே. குமாஸ்தாக்கள், வக்கீல்கள், கடை முதலாளிகள் மேலே. கீழே கும்பிடும் சாமி வேறு, மேலே கும்பிடும் சாமி வேறு. துறைமுக அணிக்குச் சிவப்பு ஜெர்சி, மேட்டு அணிக்கு வெள்ளை. மற்ற நாட்களில் துறைக்காரன் மேட்டுக்காரனின் வீட்டுக் குழாயைப் பழுது பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்துவிடுவான். வருஷத்தில் இரண்டு நாள், இரண்டு அணியும் மோதும்போது, முன்வாசல் வழியாகப் போகப் பார்ப்பான். மேட்டில் தனி ஆஸ்பத்திரி உண்டு, ஆனால் பாலத்துக்குக் கிட்டே இருப்பது துறைமுகப் பக்கத்து எங்கள் ஆஸ்பத்திரிதான்; அந்த இரண்டு நாளும் எங்களுக்கு லீவு கிடையாது.

மேட்ச்சுக்கு முதல் நாள் இரண்டு பக்கத்து மதகுருக்களும் பந்தை ஆசீர்வதிப்பார்கள். ஒரே பந்தில் இரண்டு சாமியும் எப்படி இடம் பிடித்து உட்காருகிறார்கள் என்று கேட்டேன். "அதனாலதான் சிஸ்டர் பந்து கோணலாப் போகுது" என்றார் கத்தரி.

நாட்டு அணி பக்கத்து நாட்டோடு ஆடினால் மட்டும் எல்லாரும் ஒரே நிறத்தைப் போட்டுக்கொள்வார்கள். அப்படி ஒருமுறை நம் அணி தோற்றது. துறையும் மேடும் தோளோடு தோள் சேர்ந்து, செங்கல் சூளைக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் குடியிருந்த பக்கத்து நாட்டுக் கூலிகளைத் தேடிப் போயின. அன்று எங்களிடம் வந்த பத்தொன்பது பேரும் அடி வாங்கியவர்கள். அடித்தவர்களில் ஒருவருக்கும் கீறல் இல்லை. ஓர் ஆளின் முழங்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மடங்கியது. அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்குத்தான் ஊரு ஒத்துமையா இருந்துச்சு" என்றார் கத்தரி. அந்தக் கூட்டத்தில் அவருடைய அண்ணனும் போயிருந்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அண்ணனுக்கு முரசு என்று பெயர். மைதானத்தில் துறைக்காரர்கள் பக்கம் பெரிய முரசை அடிப்பவர் அவர். அவர் அடித்தால் நாலாயிரம் பேர் எழுந்து நிற்பார்கள், நிறுத்தினால் உட்காருவார்கள். தம்பிக்குக் கத்தரி என்ற பெயர் வந்தது எங்கள் வாசலில். ஒரு வருஷம் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருந்த சிவப்பும் வெள்ளையும், ட்ரிப் பாட்டில் தொங்கும் கம்பியைப் பிடுங்கி அங்கேயே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். மேட்ச் நாளில் யார் வந்தாலும் வாசலிலேயே கனமான கத்தரியால் ஜெர்சியை வெட்டி எடுத்துவிடுவார். எல்லாருக்கும் ஒரே பச்சை அங்கி. சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியும் ஒரே சாக்கில் பாய்லருக்குப் போகும். "அம்மணமா வந்தவனுக்கு அணி கிடையாது" என்பார். நல்ல வழக்கம்தான். ஒன்பது வருஷம் பலித்தது.

நான் சொல்ல வந்த மேட்ச் கோப்பைக்கான கடைசி ஆட்டம். மூன்று மணிக்குத் தொடங்கியது. கடைசி நிமிஷத்தில் வெள்ளைக்கு ஒரு பெனால்டி கொடுத்தார்கள். அது பெனால்டிதானா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள், எனக்கு அக்கறையில்லை. ஐந்து மணிக்கு நடைபாலத்தில் இரண்டு பக்கமும் எதிரெதிரே மாட்டிக்கொண்டன. பாலம் ஆறடி அகலம். கீழே ரயில் பாதையில் விழுந்தவர்கள் மட்டும் ஏழு பேர். ஐந்தரைக்குள் எங்கள் அவசரப் பிரிவில் நாற்பத்தொரு பேர். கட்டில் போதாமல் தரையில் படுக்கவைத்தோம். ஒருவர் தன் காதைத் தானே கையில் கொண்டுவந்தார். தரையில் ரத்தம் வழுக்கியதால் மரத்தூள் கேட்டு ஆள் அனுப்பினேன்.

ஐந்தே முக்காலுக்கு இரண்டு துறைக்காரர்கள் ஒரு விளம்பரப் பலகையில் ஓர் ஆளைச் சுமந்துகொண்டு ஓடிவந்தார்கள். முரசின் ஒரே மகன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தொடை இடுக்கில் கத்தி இறங்கி, பெரிய ரத்தக் குழாய் அறுந்திருந்தது. கத்தரி வழக்கம்போலக் கழுத்திலிருந்து ஜெர்சியை வெட்ட ஆரம்பித்தார்.

"வெட்டாதீங்க சித்தப்பா, புதுசு" என்றான் அவன்.

"வாய மூடுடா" என்றார் கத்தரி. வெட்டி எறிந்துவிட்டுக் காயத்துக்குள் முஷ்டியை விட்டு அழுத்தினார். டாக்டர் வேறொரு மேசையில் ஒருவர் மார்பைத் திறந்துவைத்திருந்தார். கத்தரி பதினோரு நிமிஷம் அழுத்திப் பிடித்தார். பன்னிரண்டாவது நிமிஷம் அழுத்துவதில் அர்த்தமில்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

தூக்கி வந்தவர்களில் ஒருவர் சுவரோடு நின்று அழுதுகொண்டிருந்தார். "குத்தினவன் முகம் பாக்கல அண்ணே. இடது கையில சிங்கம் குத்தியிருந்தான், அது மட்டும் கண்ணுல பட்டுச்சு" என்றார். சொல்லிவிட்டு முரசிடம் தகவல் சொல்ல ஓடினார்.

சிங்கம் மேட்டு அணியின் சின்னம். வெளியூர் மேட்ச்சுகளுக்கும் விடாமல் போகிறவர்கள் இடது முன்கையின் உள்பக்கம் அதைப் பச்சை குத்திக்கொள்வார்கள். ஊரில் அந்தச் சிங்கம் ஐந்நூறு கையில் இருக்கும்.

கத்தரி முழங்கைவரை கழுவிக்கொண்டார். அழவில்லை. "சிஸ்டர், நம்மகிட்ட சிங்கம் எத்தனை படுத்திருக்கு, பாத்துட்டு வாங்க" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று. ஒருவர் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா, விலா எலும்பு முறிந்தவர். ஒருவர் கண்ணாடிக் கடைக்காரர், மண்டை பிளந்தவர். மூன்றாமவர் வங்கியில் வேலை பார்ப்பவர், முப்பது வயதிருக்கும். இரும்புக் குழாயால் இடது முன்கையில் அடி வாங்கியிருந்தார். எக்ஸ்ரேக்கு வரிசை நின்றதால் முறிந்ததா இல்லையா என்று தெரியாது. கை மட்டும் சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"அண்ணன் வருவான்" என்றார் கத்தரி. "வந்து ஒவ்வொரு கையாத் திருப்பிப் பாப்பான். மூணு பேரையும் கொன்னுட்டுத்தான் போவான். கட்டுப் போட்டுச் சிங்கத்தை மூடிடலாம்."

"பேண்டேஜ் சுத்தினா போதாதா?"

"போன வருஷம் பாலத்துல வழிமறிச்சு பேண்டேஜப் பிரிச்சுத்தானே பாத்தாங்க? கையால பிரிக்க முடியாததா வேணும்."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அடிபட்ட கை முதல் இரண்டு நாள் வீங்கும். அதனால் புதுக் காயத்துக்கு எப்போதும் அரைக்கட்டுதான். ஒரு பக்கம் மட்டும் மாவு, மறுபக்கம் துணி. வீக்கத்துக்கு இடம் இருக்கும். சுற்றிலும் முழுக்கட்டுப் போட்டால் உள்ளே வீங்கிய சதை வெளியே போக வழியில்லாமல் தன் ரத்த ஓட்டத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். எட்டு மணி நேரத்தில் கை செத்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே கத்தரி இதைத்தான் சொல்வார்.

"வங்கிக்காரர் கை வீங்கிக் கிடக்கே, அதுக்கும் முழுக்கட்டா?" என்று கேட்டேன்.

"அவனுங்க வெளியே போன மறு நிமிஷம் அறுத்துடறேன் சிஸ்டர். ரம்பம் எதுக்கு இருக்கு? வெந்நீர் ஊத்துங்க, சீக்கிரம் இறுகும்."

மூன்று பேரையும் மாவுக்கட்டு அறைக்குத் தள்ளிவந்தோம். மற்ற இருவரும் நடப்பதைப் புரிந்துகொண்டு கையை நீட்டினார்கள். வங்கிக்காரருக்குப் புரியவில்லை. அவர் கத்தரியின் முகத்தை எங்கோ பார்த்திருக்கிறார்.

"நீ துறைக்காரன்தானே? என் கையை என்ன பண்ணப் போறே?"

"நீட்டுய்யா. அப்புறமாச் சண்டை போடலாம்."

நான் நனைத்துப் பிழிந்து கொடுக்கக் கொடுக்க அவர் சுற்றினார். பன்னிரண்டு நிமிஷத்தில் மூன்று கை. என் வாழ்நாளில் அவ்வளவு வேகமான கட்டை நான் பார்த்ததில்லை. கடைசிக் கட்டைத் தடவி வழுவழுப்பாக்கிக்கொண்டிருந்தபோது வாசல் கண்ணாடி உடைந்தது.

துறைக்காரர்கள், முப்பது, நாற்பது பேர் இருக்கும். கையில் குழாய், செயின், நங்கூரச் சங்கிலியின் வளையம். வாசலில் இருந்த இரண்டு போலீஸ்காரர்கள் எப்போது காணாமல் போனார்கள் என்று தெரியவில்லை. உள்ளே வந்தவர்கள் பச்சை அங்கியைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அதனால் கட்டில் கட்டிலாக நின்று, "எந்த சாமிடா கும்பிடறே, சொல்லு" என்று கேட்டார்கள். பேண்டேஜ்களைப் பிய்த்தார்கள். நான் ஐந்து நிமிஷம் முன்னால் போட்ட தையல்கள் என் கண் முன்னால் பிரிந்தன. ஆறாம் கட்டிலில் மூளை கலங்கிப் படுத்திருந்த ஒருவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் அம்மாவைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் ட்ரிப் கம்பியால் அடித்தார்கள். நாலாவது அடியில் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினான்.

"டேய், நிறுத்துங்கடா! நம்ம பதினாலாம் ஷெட்டு மாமாடா இது!"

"ஐயோ, மன்னிச்சுக்குங்க மாமா" என்று அடித்தவனே போர்வையை இழுத்து மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனான். அந்த மாமாவுக்கு இடது கண் போய்விட்டது. ஜெர்சி உடம்பில் இருந்திருந்தால் போயிருக்காது என்று கத்தரி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முரசு நேராக மாவுக்கட்டு அறைக்கு வந்தார். முரசடிக்கும் தடி இன்னும் கையில் இருந்தது. முழங்கை நீளம், முனையில் தோல் சுற்றியது.

"எங்கடா அவன்?"

"யாரு?"

"என் புள்ளையக் குத்தினவன்."

"அண்ணே, அவன் காயத்துல கையை வெச்சுக்கிட்டு இருந்தது நான்தான். பதினோரு நிமிஷம்."

"தெரியும். அதுக்காகத்தான் உன்கிட்ட மரியாதையாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

முரசு மேசையில் இருந்த மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். பெரிய உடம்புக்காரர் என்றாலும் மந்தமானவர் இல்லை.

"மூணு பேருக்கும் இடது கையா உடைஞ்சுது?"

"அடி வரும்போது எவனும் இடது கையைத்தான் தூக்குவான்" என்றார் கத்தரி. அது பொய் இல்லை. பாலத்துச் சண்டைகளில் இடது முன்கைதான் அதிகம் முறியும். முரசும் அதை அறிந்தவர். ஒரு நிமிஷம் அவர் நம்பிவிட்டார் என்றே நினைத்தேன். திரும்பப் போனவர் போகிற போக்கில் குமாஸ்தாவின் கட்டைத் தொட்டார். பிறகு கண்ணாடிக் கடைக்காரருடையது. பிறகு வங்கிக்காரருடையது.

"மூணும் சுடுது" என்றார். "மூணும் ஈரம். இப்பத்தான் போட்டிருக்கே. ரம்பத்தை எடுறா."

கட்டு அறுக்கும் மின்சார ரம்பம் சுவரில் மாட்டியிருந்தது. கத்தரி அதை எடுத்தார். எடுத்து, பிளக்கில் இருந்தபடியே, மாவுத் தண்ணீர் வாளிக்குள் போட்டார். பட்டென்று ஒரு வெடிப்பு. விளக்கு அணைந்து அறையெல்லாம் ரப்பர் கருகும் நாற்றம்.

"தொலைஞ்சுது அண்ணே" என்றார்.

முரசு தடியை ஓங்கி அவர் தாடையில் அடித்தார். பெஞ்சுக் கால் முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. கீழே விழுந்தவரைப் பின்னால் வந்தவர்கள் மிதித்தார்கள். கழுத்தெலும்பு ஒன்று, விலா இரண்டு. ஒருவன் இரும்புக் குழாயால் கண்ணாடிக் கடைக்காரரின் கட்டை உடைக்கப் பார்த்தான். அரைகுறையாக இறுகிய கட்டு, ஆனாலும் தாங்கியது. அதற்குள் தெருவில் போலீஸ் சுடும் சத்தம் கேட்டது. வானத்தை நோக்கித்தான் சுட்டார்கள். வந்தவர்கள் ஜன்னல் வழியாக இறங்கி ஓடினார்கள். முரசு மட்டும் வாசல் வழியாக நடந்து போனார்.

கத்தரியின் தாடை இரண்டு இடத்தில் முறிந்து தொங்கியது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே என் சேலையைப் பிடித்து இழுத்து, மூன்று விரலைக் காட்டினார். புரிந்தது. அவருக்கு மயக்க ஊசி போட்டு மாடி ஆபரேஷன் அறைக்கு அனுப்பிவிட்டு, பெரிய கைக்கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரம்பமில்லாமல் கையால் வெட்டினால் ஒரு கட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். வீங்கிய கையை முதலில் எடுத்திருக்க வேண்டும்; பதற்றத்தில் பக்கத்தில் இருந்த குமாஸ்தாவுடையதைப் பிரித்தேன். கடைக்காரருடையது பாதியில் இருக்கும்போது போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து, மேட்டுக்காரர்களை எல்லாம் பின்வாசலில் வேனில் ஏற்றச் சொன்னார். வங்கிக்காரரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அந்தக் கட்டை உடனே பிரிக்கணும், விடுங்க" என்று கத்தினேன்.

"மேட்டு ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்கம்மா" என்றார் அதிகாரி.

நான் சீட்டு எழுதி அந்த ஆளின் அங்கியில் குத்தியிருக்க வேண்டும். எழுதவில்லை. அது என் தப்பு. மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் மட்டும் செய்தேன். எடுத்தவர் யாரென்று சொல்லவில்லை.

"துறைமுக ஆஸ்பத்திரியா? நீங்க போட்ட கட்டை நாங்க பிரிச்சு, எலும்பு விலகினா எங்க தலையில கட்டவா? நல்ல ஆளுங்கம்மா நீங்க. இன்னிக்கு உங்க ஆளுங்க பண்ணினது போதும்" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வெள்ளை அங்கி போட்டிருந்தாலும் அவர்களுக்கும் அணி இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அங்கே ஒரு டாக்டர் வங்கிக்காரரின் விரல்களைப் பார்த்திருக்கிறார். கறுப்பு. மத்தியானம் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எக்ஸ்ரேயில் அந்தக் கையில் முறிவே இல்லை.

அந்த வாரமே மேட்டுப் பத்திரிகை ஒன்று படத்தோடு எழுதியது: அண்ணன் மகன் செத்ததற்குப் பழிவாங்க, துறைமுக ஊழியர் ஒருவர் நல்ல கையில் கட்டுப் போட்டு அழுகவைத்தார். துறைமுகத்தில் வேறு மாதிரி பேசினார்கள்: சொந்தப் புள்ளையைக் குத்தினவனை ஒளித்துவைத்த துரோகி. வங்கிக்காரர் புகார் கொடுத்தார். விசாரணை வைத்தார்கள். கத்தரிக்குத் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தோம்; ஆறு வாரம் பாலும் கஞ்சியும்தான். வீட்டுக்குப் போய்க் கம்பியைச் சோதிப்பது என் பொறுப்பு. விசாரணைக்கு முதல் நாள் போனபோது முரசு அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் தம்பியைத் தாக்கியதாக யாரும் இன்னும் வாக்குமூலம் கொடுக்கவில்லை. இருட்டில் யாரோ அடித்தார்கள் என்றுதான் போலீஸ் எழுதியிருந்தது. என்னிடம் கேட்டபோது, முதலில் கத்தரி பேசட்டும் என்று சொல்லியிருந்தேன்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு" என்றார் முரசு. "வெறியில வேணும்னேதான் போட்டேன்னு சொல்லு. ரெண்டு வருஷம் உள்ள இருப்பே. வெளியே வர்ற அன்னிக்குப் பாலத்துலேர்ந்து வீடு வரைக்கும் உன்னைத் தோள்ல தூக்கிட்டு வருவோம். உங்க அண்ணிக்கும் மனசு ஆறும். நான் அடிச்சதையும் அதோட மறந்துடலாம்."

கத்தரியின் மனைவி கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தார். "தோள்ல தூக்கற எவனும் அந்த ரெண்டு வருஷமும் என் வீட்டு அடுப்பைப் பத்தவைக்க வரமாட்டான்" என்றார், திரும்பாமலே.

"பொம்பளை பேச்சு" என்றார் முரசு.

"ஆமா. ஆம்பளை பேச்சு பேசித்தான் இவரு வாயைக் கம்பியால கட்டியிருக்கு."

முரசு எழுந்தார். "உண்மையச் சொன்னா நான் உள்ள போவேன். நம்ம ஜனத்துல உனக்கு ஒரு வாசப்படி கிடையாது. யோசிச்சுக்கோ" என்று தம்பியின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அந்தத் தொடுகையில் மிரட்டல் எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

விசாரணை, ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரின் அறையில் நடந்தது. மூன்று பேர் மேசைக்குப் பின்னால். வங்கிக்காரர் மடித்துக் குத்திய சட்டைக் கையோடு ஒரு நாற்காலியில். அடுத்த சாட்சி நான் என்பதால் கதவோரம் உட்கார்த்தியிருந்தார்கள்.

"முறியாத கையில முழுக்கட்டு ஏன் போட்டீங்க?" என்று தலைவர் கேட்டார்.

கத்தரிக்கு அப்போதுதான் கம்பி எடுத்திருந்தோம். பல்லுக்கிடையில் பேசினார். "சிங்கத்தை மறைக்கப் போட்டேன். கையால பிரிக்க முடியாத கட்டா இருக்கணும்னு முழுக்கட்டாப் போட்டேன். உடனே அறுக்கறதா இருந்தேன். முடியல."

"ஏன் முடியல?"

"தாடையை உடைச்சுட்டாங்க."

"யாரு?"

அவர் வங்கிக்காரரைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"என் கூடப் பொறந்த அண்ணன்" என்றார்.

வங்கிக்காரர் எழுந்தார். "கதை நல்லா இருக்கு. உன்னாலதான் உயிரோட இருக்கேன்னு நான் கும்பிடணுமா? என் கையக் குடு, கும்பிடறேன்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

நானும் பார்த்ததைச் சொன்னேன், போன் பேசியது, சீட்டு எழுதாதது உட்பட. முரசுக்கு மூன்று வருஷம் கிடைத்தது. கவனக்குறைவு என்று எழுதி, கத்தரியை மாவுக்கட்டு அறையிலிருந்து எடுத்து ஸ்ட்ரெச்சர் தள்ளப் போட்டார்கள். ஏழு வருஷம் கழித்து, அவரைப் போல் கட்டுப் போட ஆள் கிடைக்காமல் திரும்பக் கூப்பிட்டார்கள். இடையில் அவர் வீட்டு ஜன்னலைத் துறைக்காரர்கள் இரண்டு தடவை உடைத்தார்கள், மேட்டுக்காரர்கள் ஒரு தடவை. சூளைக் கூலிகளை அடித்ததற்குப் பிறகு இரண்டு தரப்பும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். மனைவி ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டார். முரசு விடுதலையாகி வந்தபிறகு சாகும்வரை தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. குத்தியவன் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

புண்ணியவான் என்று பேசிய டாக்டருக்காக நான் எழுத வந்தது இனிமேல்தான்.

விசாரணை அறையைவிட்டு நாங்கள் வெளியே வந்தபோது வராந்தாவில் அவருடைய அண்ணி நின்றுகொண்டிருந்தார். செத்தவனின் தாய். கணவரைக் காட்டிக்கொடுத்த செய்தி அதற்குள் காதுக்கு வந்திருந்தது. கத்தரி நின்றார். ஓர் அறை விழும், அதற்குத் தயாராக நின்றார் என்று நினைக்கிறேன். உடைந்த பக்கத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை.

"அந்த மூணு பேர்ல அவன் இருந்தானா?" என்று கேட்டார் அண்ணி.

"தெரியாது அண்ணி."

"தெரிஞ்சிருந்தா?"

கத்தரி தாடையைத் தடவிக்கொண்டார்.

"உள்ள அவங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேல்ல? பெத்தவ கேக்கறேன், எனக்குச் சொல்லு. இவன்தான்னு தெரிஞ்சிருந்தா, மூடியிருப்பியா?"

"மாட்டேன் அண்ணி" என்றார் கத்தரி. "கையைப் புடிச்சு நானே அண்ணன்கிட்ட நீட்டியிருப்பேன்."

அண்ணி முந்தானையால் அவர் வாயோரத்தில் வழிந்திருந்த எச்சிலைத் துடைத்துவிட்டு, இனி ஜெயிலுக்குப் போய்வர வேண்டியிருக்கும், அந்த பஸ் எங்கே நிற்கும் என்று என்னிடம் கேட்டார். வாசலுக்கு எதிரே என்று சொன்னேன். போய்விட்டார்.